அந்தம்மா நிக்கறாங்க

அந்த நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதில் வருகிற ஒருத்திக்கு ஆகாது. அரபு நாடுகளில் ஒன்று, எண்ணெய் வளம் இல்லாத ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இருக்கிற நாட்டிடம் போய் உங்கள் ஊரில் ஜனநாயகம் எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உதவி வாங்குகிற நாடுதான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் மரியசெல்வி. சேலத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். பிறந்தது ஏற்காட்டில், ஒண்டிக்கடை நாற்சந்திக்குப் பின்னால் எங்கள் வீடு இன்னும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால், மே மாதக் கடைசியில், கோடை விழாக் கூட்டமெல்லாம் மலை இறங்கிப் போன பிறகு, ஓர் ஐரோப்பிய நாட்டின் உதவி அமைப்பு அந்த அரபு நாட்டிலிருந்து சிலரை ஏற்காட்டுக்குக் கூட்டி வந்தது. நம் கிராம சபையை அவர்களுக்குக் காட்டுவதற்காக. அவர்கள் நாட்டில் புதிதாகச் சட்டம் போட்டிருந்தார்கள், ஊருக்கு ஊர் மக்கள் கூட்டம் நடத்த வேண்டும் என்று. சட்டத்தை எழுதிய வக்கீல்களின் சம்பளம், கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு நாற்காலி, மைக் எல்லாமே உதவிப் பணம்தான். ஊர்க்காரர்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் வந்தவர்கள் பேசுவதைத் தமிழிலும் மாற்றிச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். கல்லூரி விடுமுறை, வீட்டில் சும்மா இருந்தேன், ஒப்புக்கொண்டேன்.

வந்தவர்களில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஹென்ரிக், உதவி அமைப்பின் அதிகாரி. நெடுநெடுவென்று உயரம், எதற்கும் கோபப்படாதவர். நபீல், அந்த நாட்டு அமைச்சகத்தில் இயக்குநர். நல்ல சட்டை, நல்ல ஆங்கிலம், கூப்பிட்டால் வரும் சிரிப்பு. மூன்றாவது ஆள் ஹனான். வக்கீல். தேர்தலைக் கண்காணிக்கிற சின்னச் சங்கம் ஒன்றை அவளும் இன்னும் சிலரும் நடத்தினார்கள். நாற்பது வயதிருக்கும். குளிருக்குக் கழுத்தில் ஒரு சாம்பல் நிறத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

முதல் நாள் காலை விருந்தினர் விடுதித் தாழ்வாரத்தில் காபி குடிக்கும்போது அவளாகத்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"உங்களுக்குப் பிடிக்காததை ஒருவர் சொன்னாலும் அப்படியே மொழிபெயர்ப்பீர்களா?"

"அதற்குத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்றேன்.

"வேண்டாம் என்று யாராவது சொன்னால்?"

இதென்னடா காலையிலேயே வக்கீல் விசாரணை என்று எனக்கு எரிச்சல். "வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்து மொழிபெயர்ப்பேன்" என்றேன். அப்போதுதான் அவள் சிரித்தாள், இமாத்தைப் பற்றியும் சொன்னாள்.

இமாத் அவளோடு சங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் ஊரில் புதுச் சட்டப்படி நடந்த முதல் மக்கள் கூட்டத்திலேயே எழுந்து, குடிநீர்க் குழாய் ஒப்பந்தம் யாருக்குப் போனது, ஏன் போனது என்று கேட்டிருக்கிறார். ஒப்பந்தம் போனது ஆளுநரின் மச்சானுக்கு. அடுத்த வாரம் இமாத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பொது அமைதியைக் கெடுத்தார் என்று வழக்கு. போன வருஷத்திலிருந்து உள்ளேதான் இருக்கிறார். வயசான அம்மா மட்டும் வாரம் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறார்.

"உதவி ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது" என்றாள் ஹனான். "மக்கள் கூட்டத்தில் பேசியதற்காக யார்மீதும் வழக்குப் போடக்கூடாது என்று. அந்த வரி இருக்கிற வரைக்கும் அவனை வெளியே விடுங்கள் என்று நான் கேட்க முடியும். இரண்டாம் கட்டப் பணம் சீக்கிரம் வரப்போகிறது. அந்த வரியை வைப்பதா எடுப்பதா என்பதை ஹென்ரிக் இந்தப் பயணம் முடிந்ததும் எழுதி அனுப்புவார். அந்த வரியை விட்டால் இமாத்துக்கு வேறு வக்கீல் இல்லை."

"நீங்கள் இருக்கிறீர்களே."

"என் சங்கம் நடப்பதே இவர்கள் கொடுக்கிற பணத்தில்தான். வாடகை, கணினி, எல்லாம். அதைச் சொல்லித்தான் என்னை அந்நியக் கைக்கூலி என்கிறார்கள். அதே பணத்தை அமைச்சகம் வாங்கினால் அதற்குப் பெயர் சீர்திருத்தம். பங்கேற்பு, வெளிப்படைத்தன்மை என்றெல்லாம் நாங்கள் தெருவில் கத்திய வார்த்தைகளை இப்போது நபீல் எங்களைவிட அழகாகச் சொல்கிறார்." கோபமே இல்லாமல் சொல்லி, மிச்சக் காபியைக் குடித்தாள்.

நபீலும் லேசுப்பட்டவர் இல்லை. பிற்பகலில் என்னிடம் சொன்னார்: "ஹென்ரிக்கின் நாட்டில் தேர்தல் வந்தால் இவர்கள் கொள்கை மாறும். மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் அங்கேதான் இருக்க வேண்டும். இவர்கள் கொடுக்காவிட்டால் கேள்வியே கேட்காமல் கொடுக்க வேறு ஆள் இருக்கிறது, அம்மா. அவன் வந்தால் இந்தக் கூட்டம்கூட இருக்காது." அவர் சொன்னதிலும் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நாகலூரைத் தாண்டி ஒரு மலையூருக்குப் போனோம். காபித் தோட்டங்களுக்கு நடுவே ஜீப் போகிற பாதை. ஓட்டியவர் முருகன், அந்த ஊர்க்காரர். பின்னால் ஹனானும் ஹென்ரிக்கும் நானும். நபீல் முன்னால் உட்கார்ந்து போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தார்.

அன்று கிராம சபை நாளே இல்லை. விருந்தாளிகளுக்காகத் தனியாகக் கூட்டியது. அதோடு ஊருக்கு ஒரு லாபமும் இருந்தது. ஊரில் குடிக்கிற தண்ணீர் கீழே ஓடைக்குப் பக்கத்து ஊற்றிலிருந்துதான். பெண்கள் குடத்தோடு செங்குத்தாக ஏறி வர வேண்டும். ஹென்ரிக்கின் அமைப்பு, சேலத்துத் தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாக, அந்த ஊற்றுக்கு மோட்டாரும் மேலே ஒரு தொட்டியும் வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தது. வெளிநாட்டுச் சட்டப்படி, ஊர் கூடிச் சம்மதித்தோம் என்று தீர்மானம் வேண்டுமாம். அந்தத் தீர்மானம்தான் அன்றைக்கு நிகழ்ச்சியின் உச்சம்.

"கூட்டத்துல எல்லாரும் பேசுவாங்களா?" என்று ஹென்ரிக் கேட்டதை முருகனிடம் கேட்டேன்.

"பேசறதென்னங்க, ஆருக்காச்சும் சம்மதம் இல்லீன்னா எந்திரிச்சு நின்னுக்குவாங்க" என்றார் முருகன். "எங்கூர்ல அது பழக்கமுங்க. நிக்கறவங்ககிட்ட என்ன ஏதுன்னு கேட்டு, அவங்களா உட்கார்ற வரைக்கும் மேக்கொண்டு பேச்சு எடுக்கமாட்டமுங்க. பொன்னுவேல் மாமன் ஒருக்கா ஒரு பலாமரத்துக்காவ மூணு கூட்டம் நின்னாருங்க."

"மூன்று கூட்டமுமா நின்றார்? வீட்டுக்குப் போகவில்லையா?" என்று ஹனான் கேட்டாள்.

"ஊட்டுக்குப் போவாருங்க, சாப்பிடுவாரு, தூங்குவாரு. அதெல்லாம் கணக்குல வராதுங்க. கூட்டத்துல வந்து உட்கார்ந்தாத்தான் உட்கார்ந்தது. அது வரைக்கும் அவரு நின்னவருதானுங்க. மரத்தை வெட்டவே இல்லீங்களே, கடைசி வரைக்கும்."

ஹென்ரிக் சிரித்தார், எழுதிக்கொண்டார். பெண்களும் நிற்பார்களா என்று ஹனான் கேட்டாள்.

"இப்ப நிக்கறாங்க. முன்ன கிடையாதுங்க. சின்னத்தாயி அக்காதான் மொதல்ல நின்னுது. அவங்க ஊட்டுக்காரரே உட்காருடின்னு சத்தம் போட்டாரு. அது உட்காரல." கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு முருகன் சொன்னார்: "ஆனா இன்னிக்கு ஒருத்தரும் எந்திரிக்கப்படாதுன்னு கிளர்க் சொல்லி வச்சிருக்காருங்க. மோட்டார் வர்ற நேரத்துல எதுக்குங்க வம்பு."

கிளர்க் என்பது ஊராட்சிச் செயலர் பிரபாகர். சேலத்துக்காரர். இந்த நிற்கிற பழக்கம் அரசாங்கக் கூட்டத்துக்குச் செல்லாது என்று ஒவ்வொரு கிராம சபையிலும் சொல்லிச் சொல்லித் தோற்றவர். அன்று வெற்றி பெறுவது என்று முடிவு செய்திருந்தார். யார் எதைக் கேட்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். தகரக் கூரை போட்ட சமுதாயக் கூடத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு நாற்காலி. ஹனான் நாற்காலியை விட்டுவிட்டுப் போய்ப் பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள்.

கேள்விகள் வந்தன. தெருவிளக்கு ஒரு பெண், ரேஷன் அரிசி ஒரு பெண், பள்ளிக்கூடக் கழிப்பறை ஒரு பெண். ஒருத்தி பாதியில் மறந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், அவள் எடுத்துக் கொடுத்தாள். ஹென்ரிக் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். நபீல் எதையும் எழுதவில்லை, பிரபாகரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் காதில் சொன்னார்: "இவர் கெட்டிக்காரர். கேள்வி கொடுக்கப்படாதவர்கள் பேசாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். எங்களுக்கு அது வரவில்லை." அதை நான் கேட்கவில்லை. தேநீர் இடைவேளையில் இரண்டு பேரும் மொழி தெரியாமலேயே தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் மோட்டார். அதற்கு முன்னால் விருந்தாளி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நபீலைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். எங்கள் நாட்டிலும் இப்போது இதே மாதிரி கூட்டங்கள் நடக்கின்றன. மக்கள் பயமில்லாமல் பேசுகிறார்கள். இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை. உங்களைப் பார்த்து எங்கள் நம்பிக்கை கூடியிருக்கிறது. கைதட்டினார்கள். ஹென்ரிக் எழுதிக்கொண்டிருந்தார்.

பிரபாகர் தீர்மானத்தைப் படித்தார். "அனைவரும் ஏகமனதாக" என்ற இடத்துக்கு வந்தபோது ஹனான் எழுந்து நின்றாள்.

ஏதோ வெளியே போக எழுந்திருக்கிறாள் என்று நினைத்துப் பிரபாகர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அவள் போகவில்லை. கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். பிரபாகர் மேலே படிக்கப் பார்த்தார். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தம்மா நிக்கறாங்க."

சொன்னவள் சின்னத்தாயி. நாற்பத்தைந்து வயதிருக்கும், காபிப் பழம் பறிக்கப் போகிறவள், கட்டையான உடம்பு. ஊற்றுக்குப் போகிற பாதையில் கடைசி வீடு அவளுடையது. மோட்டார் வந்தால் முதல் குழாய் அவள் வாசலுக்கு.

"அவங்க விருந்தாளிங்க, அக்கா. அவங்களுக்கு நம்ம பழக்கம் தெரியாது" என்றார் பிரபாகர்.

"தெரியுமுங்க. ஜீப்புல நாந்தான் சொன்னேன்" என்றார் முருகன். சொன்ன பிறகுதான் தன் வாயை நினைத்து வருந்தினார் என்பது முகத்தில் தெரிந்தது.

"தெரிஞ்சுதான் நிக்கறாங்க. என்ன ஏதுன்னு கேளுங்க" என்றாள் சின்னத்தாயி.

நபீல் சிரித்துக்கொண்டே ஹனானுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்து பழக்கமில்லை என்றார். சொன்னேன். "அவங்க வாயிலயே வரட்டுங்க" என்றாள் சின்னத்தாயி. அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஹனான் நபீலைப் பார்க்கவில்லை, ஹென்ரிக்கைப் பார்த்தாள். அவர் குனிந்து பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள்.

"என் தோழர் ஒருவர் இருக்கிறார். பெயர் இமாத். எங்கள் நாட்டில் இப்படி ஒரு கூட்டத்தில், குடிதண்ணீர் குழாயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அதற்காகச் சிறையில் இருக்கிறார். புகார் வரவில்லை என்று இவர் சொன்னது உண்மைதான். புகார் சொன்னவரை உள்ளே வைத்துவிட்டார்கள்."

"இதை மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார் நபீல், என்னிடம், தாழ்ந்த குரலில்.

நான் மொழிபெயர்த்தேன். வேண்டாம் என்று அவர் சொன்னதையும் சேர்த்து. இதில் வீரம் ஒன்றுமில்லை. அவருக்கு என்னை ஒன்றும் செய்ய முடியாது. நான் மாலையில் ஒண்டிக்கடைக்குத் திரும்பிப்போய் மீன் வாங்கப் போகிறவள். திரும்பிப்போய் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவள் ஹனான்தான்.

 "கேட்டதுக்கேவா?" என்று ஒரு ஆள் கேட்டார். கேட்டதற்குத்தான் என்றேன். "தண்ணியைப் பத்தியா?" ஆமாம் என்றேன்.

ஹென்ரிக் எழுந்து, இது முக்கியமான விஷயம், இதை நாங்கள் கவனத்தில் கொள்கிறோம், இப்போது நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மே மாதத்து மழை, தகரக் கூரையில் விழுந்தால் பக்கத்தில் கத்துவதுகூடக் கேட்காது. பிரபாகருக்கு அது வரம். கூட்டம் முடிந்தது என்று கையைக் காட்டி எல்லாரையும் எழுப்பிவிட்டார். ஹனான் உட்காரவே இல்லை. அப்படியே நடந்து வந்து ஜீப்பில் ஏறினாள்.

"ஜீப்புல உட்கார்ந்தாங்கன்னு சொல்ல முடியாதுங்களா?" என்று பிரபாகர் மழையில் நனைந்துகொண்டே முருகனைக் கேட்டார்.

"அது கணக்குல வராதுங்க" என்றார் முருகன், அழமாட்டாத குறையாக.

அன்று சாயந்தரம் தாழ்வாரத்தில் ஹென்ரிக் என்னிடம் பேசினார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்திருக்கும். "அந்த வரியை எடுப்பது என்று எங்கள் தலைநகரில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அந்த நாட்டுக் கடற்கரையிலிருந்து அகதிப் படகுகள் எங்கள் பக்கம் வராமல் அந்த அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. அதுதான் எங்களுக்கு முக்கியம். கூட்டம் அதற்கு அப்புறம்தான். நான் மல்லுக்கு நின்றால் என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள்."

"அப்படியென்றால் இந்தப் பயணம் எதற்கு?"

"முடிவுக்கு ஒரு காரணம் வேண்டுமே." அவர் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அலுப்புதான் வந்தது. எங்கள் கல்லூரியில் ஆய்வுக் குழு வரும்போது நாங்களும் பூந்தொட்டி வாடகைக்கு எடுத்து வைக்கிறவர்கள்தான்.

"ஹனானிடம் சொல்லிவிட்டீர்களா?"

"அவருக்குத் தெரியும். வருவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன்."

அதைக் கேட்டுத்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதல் நாள் என்னிடம் இன்னும் முடிவாகாதது போலப் பேசியவள், நடக்காது என்று தெரிந்தே நின்றிருக்கிறாள். ஹென்ரிக்குக்காக இல்லை, நபீலுக்காகவும் இல்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிற ஒரு கூடத்தில் இமாத்தின் பெயரை ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று நின்றிருக்கிறாள்.

அவர்கள் போனார்கள். ஹனானின் பாஸ்போர்ட்டை விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டார்கள் என்று தெரிந்தது. சங்கத்தைப் பூட்டிவிட்டார்கள். அவளை அவ்வப்போது கூப்பிட்டு மணிக்கணக்கில் உட்காரவைத்து அனுப்பினார்கள். இரண்டாம் கட்ட உதவி கையெழுத்தானது, அந்த வரி இல்லாமல். ஹென்ரிக்கின் அறிக்கையை எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். ஏற்காட்டைப் பற்றி ஒரு பத்தி: கூட்டம் உயிரோட்டமாக இருந்தது, வந்தவர்களில் ஒருவர் நெகிழ்ந்துபோய் எழுந்து நின்றார்.

செப்டம்பரில் பிரபாகர் போன் செய்தார். "மேடம், நொம்பச் சங்கடமா இருக்குதுங்க. மோட்டார் வேலை அப்படியே நிக்குது. ஆகஸ்ட் பதினஞ்சு சபையிலயும் முடிக்க முடியலீங்க. அந்தம்மா இன்னும் உட்காரலைங்கறாங்க. வெளிநாட்டு ஆபீஸ்ல தீர்மானம் எங்கன்னு கேக்கறாங்க, இல்லீன்னா பணம் திரும்பிப் போயிருமாம். அக்டோபர் ரெண்டு கடைசிங்க. நீங்க வந்து, அந்தம்மா உட்கார்ந்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க வார்த்தையின்னா நம்புவாங்க."

ஹென்ரிக்கும் எழுதினார், அதையே கொஞ்சம் மரியாதையாக. ஒரு கண்டத்தையே அசைக்கிற அமைப்பு, நாகலூருக்கு அப்பால் ஒரு மலையூரின் ஒரு வரித் தீர்மானத்துக்குக் காத்திருந்தது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் தண்ணீர் சுமக்கிறவர்கள் நானும் இல்லை ஹென்ரிக்கும் இல்லை. யோசித்துவிட்டு, நடந்ததை அப்படியே ஹனானுக்கு எழுதினேன்.

குரல் செய்தியாகப் பதில் வந்தது. பின்னணியில் ஏதோ சந்தை இரைச்சல். "எனக்காக ஒரு ஊர் தாகத்தில் இருக்கக்கூடாது. நான் உட்கார்ந்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்லுங்கள். இமாத் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். ஆனாலும் சொல்லுங்கள். அவர்கள் இத்தனை நாள் காத்திருந்ததே எனக்குப் போதும்." அப்புறம் கொஞ்சம் சிரித்தாள். "என் நாட்டில்கூட நான் நின்றது யாருக்கும் ஞாபகம் இல்லை."

அக்டோபர் இரண்டாம் தேதி போனேன். நல்ல மழைக்காலம், ஊற்றுப் பாதை சேறாகிக் கிடந்தது. கூடம் நிறைந்திருந்தது. பெண்கள் வரிசையில் முதலில் சின்னத்தாயி, வலது காலை நீட்டிக்கொண்டு. கணுக்காலில் துணிக்கட்டு. "குடத்தோட வழுக்கிருச்சுங்க. பத்து நாளா சரியா ஊன முடியல" என்றாள், நான் கேட்டதற்கு.

பிரபாகர் மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலிலேயே என்னை எழுப்பினார். ஹனான் சொன்னதைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னாள் என்றேன்.

"அவரு வெளிய வந்துட்டாருங்களா?" என்று கேட்டாள் சின்னத்தாயி.

"இல்லீங்க."

"அப்பறம் என்னத்துக்கு உட்கார்ந்தாங்க?"

"உங்களுக்குத் தண்ணி வரட்டும்னுதாங்க."

அவள் நீட்டியிருந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப முடிஞ்சுதுங்களே" என்று பிரபாகர் சுறுசுறுப்பானார். "அவங்களே உட்கார்ந்துட்டாங்க. சம்மதம்னு எழுதிக்கலாமுங்க." முருகன் இரண்டு கையையும் தூக்கினார். அவரைப் பார்த்து ஆண்கள் பக்கம் நிறையக் கைகள் உயர்ந்தன.

சின்னத்தாயி பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை ஊன்றாமல், மெதுவாக எழுந்தாள். எழுந்து நேராக நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"உனக்கு என்னக்கா?" என்றார் பிரபாகர். அவர் குரலே இறங்கிவிட்டது. "மொத குழாயே உன் ஊட்டுக்குத்தானே வருது."

"வரட்டுங்க. வேண்டாங்கல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "தண்ணியைக் கேட்டவரு உள்ள இருக்காரு. நம்ம தண்ணிக்காவ அந்தம்மா உட்கார்ந்துட்டாங்க. அவருக்குன்னு இப்ப ஆரு நிக்கறாங்க?"



"மோட்டார் குடுக்கறவங்கதானே அந்த நாட்டுக்கும் குடுக்கறாங்க" என்றாள் அவள். "அந்த மனுசனை எப்ப உடுவீங்கன்னு அவங்க அங்க ஒரு வார்த்தை கேக்கட்டும். கேட்டோம்னு நமக்கு எழுதி அனுப்பட்டும். நான் உட்கார்ந்துக்கறன்."

முருகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காலைப் பார்த்துவிட்டு, தூக்கிய கைகளை மட்டும் கீழே போட்டார்.

பிரபாகர் என் பக்கம் திரும்பினார். "இதை என்னன்னு எழுதறதுங்க, மேடம்?"

அந்த ஊரில் நான் அதுவரை என் சொந்த வார்த்தையாக ஒன்றும் பேசியதில்லை. மற்றவர்கள் சொன்னதை மாற்றி மாற்றிச் சொன்னதோடு சரி.  "அவரு பேரை மொதல்ல எழுதுங்க" என்றேன். "இமாத்."

அவர் எழுதினார். தெருவிளக்கும் நூறு நாள் வேலையும் அன்று எடுக்கப்படவில்லை. அந்தத் தீர்மானத்தை நான் ஆங்கிலத்தில் எழுதி ஹென்ரிக்குக்கு அனுப்பினேன். இமாத்தை எப்போது விடுவீர்கள் என்று அங்கே கேட்கச் சொன்ன கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றித் தர முடியுமா என்று அவர் கேட்டிருந்தார். முடியாது என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மோட்டாரும் வரவில்லை.

ஹனானுக்கும் எழுதினேன். நீங்கள் உட்கார்ந்துவிட்டதைச் சொல்லிவிட்டேன், உங்களுக்குப் பதிலாக இப்போது சின்னத்தாயி நிற்கிறாள், கால் சுளுக்கோடு, என்று. பதில் வரச் சில நாள் ஆயிற்று. முதலில் காலைப் பற்றித்தான் விசாரித்திருந்தாள். அப்புறம் இமாத்தின் அம்மாவிடம் இதைப் போய்ச் சொன்னாளாம். அந்த அம்மா எந்த நாடு, என்ன மோட்டார் என்று ஒன்றும் கேட்கவில்லையாம். நிற்கிற பெண்ணின் பெயரை மட்டும் கேட்டாராம். அரபு வாய்க்கு அந்தப் பெயர் நுழையவில்லை. சிறைக்குப் போகிற பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாராம், மகனிடம் தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று.